மேடையைத் தோண்டிய பாட்டுக் கோஷ்டி! சிமெண்டு கலவை எந்திரம், டிரில்லர், ரம்பத்தோடு கச்சேரி நடத்திய பெர்லின் வாலிபர்கள் கதை

லண்டன் மாநகரில் பக்கிங்காம் அரண்மனைக்குப் போகும் ரோட்டுக்கு "மால்" என்று பெயர். அந்த ரோட்டில் ஐ.சி.ஏ. என்கிற கலைக்கூடம் இருக்கிறது. படித்தவர்கள், ஓவியர்கள், நாடகக்காரர்கள் வந்து போகிற இடம். சத்தம் போட்டுப் பேசினாலே திரும்பிப் பார்ப்பார்கள்.

1984-ம் ஆண்டு ஜனவரி 3-ந்தேதி செவ்வாய்க்கிழமை. அன்று இரவு அங்கே ஒரு கச்சேரி. "குரலுக்கும் எந்திரத்துக்குமான கச்சேரி" என்று தலைப்பு கொடுத்திருந்தார்கள். டிக்கெட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்கள் மேடையைப் பார்த்ததும் திடுக்கிட்டார்கள்.

மேடையில் வயலின் இல்லை. ஆர்மோனியம் இல்லை. சிமெண்டு கலவை எந்திரம் நின்றது. ரோடு உடைக்கிற டிரில்லர் கிடந்தது. மின்சார ரம்பம், ஜெனரேட்டர், இரும்புத் துண்டுகள். ஏதோ கட்டிட வேலை நடக்கிற இடத்துக்குத் தப்பித் தவறி வந்துவிட்டோமோ என்று சிலருக்குச் சந்தேகம்.

சந்தேகம் தீர்வதற்குள் "கச்சேரி" தொடங்கிவிட்டது!

டிரில்லர் கதறியது. ரம்பம் இரும்பைத் தொட்டதும் தீப்பொறி பறந்தது. கலவை எந்திரம் கடகடவென்று சுற்றியது. காதைப் பொத்திக்கொண்டவர்கள் பாதி, கை தட்டியவர்கள் பாதி.

திடீரென்று டிரில்லரின் முனை மேடைப் பலகையிலேயே இறங்கியது. பலகை பெயர்ந்தது. மேடைக்குக் கீழே குழி!

நிர்வாகிகள் பதறிப்போய் ஓடி வந்தார்கள். "நிறுத்து, நிறுத்து" என்றார்கள். மின்சாரத்தைத் துண்டித்தார்கள். கச்சேரி அரை மணி நேரம்கூட ஓடவில்லை. அதோடு முடிந்ததா? இல்லை. காசு கொடுத்து வந்த ஜனங்கள் சும்மா இருப்பார்களா? மேடைக்குப் பாய்ந்தார்கள். நிர்வாகத்தின் ஆட்களுக்கும் ரசிகர்களுக்கும் இழுபறி, தள்ளுமுள்ளு, கூச்சல், குழப்பம்.

அந்தக் கட்டிடத்துக்கு அடியில் அரண்மனை வரைக்கும் போகிற சுரங்கப் பாதை இருக்கிறது, அதற்குள் இறங்கத்தான் தோண்டினார்கள் என்று ஒரு பேச்சு அப்போதே கிளம்பிவிட்டது. அரண்மனையையும் சுரங்கத்தையும் சேர்த்துச் சொன்னால் கதைக்குக் கால் முளைக்காதா என்ன?

மேடையைத் தோண்டியவர்கள் யார்? மேற்கு பெர்லினில் இருந்து வந்த ஒரு கோஷ்டியும் அதன் லண்டன் சகாக்களும்தான். வேடிக்கை என்னவென்றால், கோஷ்டியின் தலைவர் அன்றைக்கு மேடையிலேயே ஏறவில்லை.

பெயரே வில்லங்கம்

அந்தக் கோஷ்டியின் பெயர் "ஐன்ஸ்டுர்சன்ட நோய்பவுட்டன்". வாயில் நுழைவது கொஞ்சம் கஷ்டம்தான். ஜெர்மன் பாஷையில் "நோய்" என்றால் புதுசு. நம்ம ஊர் நோய் இல்லை. முழுப் பெயருக்கும் அர்த்தம், "இடிந்து விழும் புதுக் கட்டிடங்கள்".

இந்தப் பெயரில் ஒரு குத்தல் இருக்கிறது. இரண்டாவது உலகப் போரில் குண்டு விழுந்து பெர்லின் நகரம் தரைமட்டம் ஆனது. போருக்குப் பிறகு அவசரம் அவசரமாகக் கட்டிய கட்டிடங்களைத்தான் அங்கே "புதுக் கட்டிடம்" என்பார்கள். பழைய கட்டிடம் என்றால் உயரமான கூரை, தடித்த சுவர். புதுக் கட்டிடம் என்றால் பெட்டி பெட்டியாக கான்கிரீட்டு. அந்தப் பெட்டிகளில் வளர்ந்த பிள்ளைகள் வைத்த பெயர் இது.

கோஷ்டி முதன் முதலாக மேடை ஏறியது 1980-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி. மேற்கு பெர்லினில் "மூன்" என்கிற கிளப்பில். முட்டாள்கள் தினத்தில் தொடங்கினால் விளையாட்டு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

சரியாக 50 நாள் கழித்து, மே 21-ந்தேதி, விளையாட்டு விபரீதம் ஆனது.

பெர்லினில் காங்கிரஸ் மண்டபம் என்று ஒரு கட்டிடம். அமெரிக்கா அன்பளிப்பாகக் கட்டிக் கொடுத்தது. 1957-ல் திறந்தார்கள். கூரை சிப்பி மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து அந்தரத்தில் நிற்கும். "கர்ப்பிணிச் சிப்பி" என்று ஊர் ஜனங்கள் செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். போருக்குப் பிந்திய பெர்லினின் பெருமை அது.

அந்தக் கூரையின் ஒரு பகுதி அன்று சரிந்து விழுந்தது. ஒரு ரேடியோ நிருபர் பலி ஆனார். சிலர் காயம் அடைந்தார்கள்.

காரணம் என்ன தெரியுமா? கூரையை இழுத்துப் பிடித்திருந்த இரும்புக் கம்பிகளைச் சுற்றி கான்கிரீட்டு ஒழுங்காக மூடவில்லை. ஈரம் புகுந்தது. 23 வருடமாக உள்ளுக்குள்ளேயே துருப் பிடித்தது. வெளியே வெள்ளையடித்துப் பளபளப்பாக இருந்த கூரை, உள்ளே அரித்துப் போய் இருந்தது. ஈரம் புகுந்த கான்கிரீட்டு எந்த ஊரிலும் முன்கூட்டி தந்தி அடித்துவிட்டு விழுவது இல்லை.

"இடிந்து விழும் புதுக் கட்டிடங்கள்" என்று பெயர் வைத்து இரண்டு மாதம் ஆவதற்குள் ஊரின் பெருமைக்குரிய புதுக் கட்டிடம் இடிந்து விழுந்தது. கோஷ்டி அதைச் செய்யவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் சிரித்துக்கொண்டு உச்சரிக்கவில்லை.

நாலு பக்கமும் சுவர்

அப்போதைய மேற்கு பெர்லினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பையன்களுக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

1961-ல் கம்யூனிஸ்டு கிழக்கு ஜெர்மனி சுவர் எழுப்பியது. மேற்கு பெர்லின் நாலா பக்கமும் அடைபட்ட தீவு மாதிரி ஆனது. தொழிற்சாலைகள் வெளியேறின. வீடுகள் காலியாகக் கிடந்தன. மேற்கு ஜெர்மனியில் வாலிபர்கள் கட்டாய ராணுவ சேவை செய்ய வேண்டும். மேற்கு பெர்லினில் குடியிருந்தால் அது கிடையாது. ஆகவே ராணுவத்துக்குப் போக விரும்பாதவன், படிப்பைப் பாதியில் விட்டவன், ஓவியன், பாட்டுக்காரன் எல்லோரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

ஒரு பக்கம் வீடு இல்லாத வாலிபர்கள். இன்னொரு பக்கம் இடிப்பதற்காகப் பூட்டி வைத்த வீடுகள். 1981-ல் 150-க்கும் மேற்பட்ட காலி வீடுகளுக்குள் வாலிபர்கள் புகுந்து குடியேறினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் போலீசார் சில வீடுகளைக் காலி செய்தபோது ரகளை மூண்டது. அதில் 18 வயது வாலிபர் ஒருவர் பஸ்சில் சிக்கி இறந்தார்.

அந்தச் சம்பவத்துக்கு 18 நாள் முன்னாடி, செப்டம்பர் 4-ந்தேதி, சுவருக்குப் பக்கத்தில் போட்டிருந்த டெம்போட்ரோம் என்கிற கூடாரத்தில் ஒரு விழா நடந்தது. "மேதாவி அரைகுறைகள்" என்று விழாவுக்குப் பெயர். அரைகுறை என்கிற வார்த்தையையே எழுத்துப் பிழையோடு அச்சடித்து இருந்தார்கள். நமது கோஷ்டியும் அதில் உண்டு. சங்கீதம் தெரியாது என்று வெட்கப்பட வேண்டியதில்லை, தெரியாததுதான் எங்கள் பலம் என்பது அவர்களுடைய கட்சி.

இடிக்கிற சத்தமும் உடைக்கிற சத்தமும்தான் அந்த ஊரில் தினசரிக் காலைச் சங்கீதம். அதையே மேடையில் ஏற்றினார்கள்.

வித்துவிட்ட டிரம்

கோஷ்டியின் தலைவர் பெயர் பிளிக்சா பார்கெல்ட். ஒல்லி உடம்பு, குழி விழுந்த கன்னம், எலி கடித்த மாதிரி தலைமுடி. 1959-ல் பெர்லினில் பிறந்தவர். சொந்தப் பெயர் வேறு. பிளிக்சா என்பது ஒரு பேனாவின் பிராண்டு. பார்கெல்ட் என்றால் ரொக்கப் பணம். கையில் ரொக்கம் இல்லாதவர் ரொக்கம் என்றே பெயர் வைத்துக்கொண்டார்!

கூடவே என்.யு. உன்ரு என்கிற கூட்டாளி. பியாட்டே பார்ட்டல், குட்ருன் குட் என்கிற இரண்டு பெண்களும் தொடக்கத்தில் இருந்தார்கள். சீக்கிரமே விலகி வேறு கோஷ்டிக்குப் போய்விட்டார்கள்.

உன்ருதான் தாளக்காரர். அவரிடம் ஒழுங்கான டிரம் செட்டு ஒன்று இருந்தது. கையில் காசு இல்லை. டிரம்மை விற்றுவிட்டார். சரி, கச்சேரிக்கு என்ன செய்வது? இரும்புத் தகடு, குழாய், சுருள் கம்பி, தகர டப்பா என்று கிடைத்ததை எல்லாம் பொறுக்கி வந்து அடுக்கினார். அதுவே டிரம் ஆனது.

பொறுக்கியது எங்கே இருந்து? காயலான் கடைச் சரக்கு பாதி. கட்டிட வேலை நடக்கிற இடத்தில் கேட்காமல் எடுத்தது மீதி. கிரைம் கணக்கில் எழுதினால் அது திருட்டுதான். அதை மறைக்க வேண்டியதில்லை, அவர்களும் மறைக்கவில்லை.

இந்த உலகப் புகழ் பெற்ற "புதுமை இசை"க்கு முதல் காரணம் தத்துவமும் இல்லை, புரட்சியும் இல்லை. கைச் செலவுக்குப் பணம் இல்லாததுதான். தத்துவத்தைப் பத்திரிகைக்காரர்கள் பிறகு எழுதிச் சேர்த்தார்கள்.

1980 ஜூன் மாதம் பிளிக்சாவும் உன்ருவும் ஒரு காரியம் செய்தார்கள். நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் அடியில் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே இருந்த பொந்துக்குள் ஊர்ந்து போனார்கள். டேப் ரிக்கார்டரைத் தட்டிவிட்டு, பாலத்தின் இரும்பையே அடித்து வாசித்தார்கள். தலைக்கு மேலே கார்கள் ஓடுகின்றன, கீழே இவர்கள் கச்சேரி! அதை "இரும்பு இசை" என்று கேசட்டாகவும் வெளியிட்டார்கள்.

அப்புறம் ஹாம்பர்க்கில் வேறு ஒரு கோஷ்டியில் இருந்த எஃப்.எம். ஐன்ஹைட் வந்து சேர்ந்தார். ஆள் கட்டுமஸ்தானவர். டிரில்லரைத் தூக்குகிற வேலை அவருக்கு. மார்க் சுங் வந்தார். அலெக்சாண்டர் ஹாக்கே என்கிற பையன் வந்தான். 1965-ல் பிறந்தவன். மீசைகூட அரும்பாத வயசு.

1981-ல் முதல் முழு இசைத்தட்டு. "கொலாப்ஸ்" என்று பெயர். சரிவு என்று அர்த்தம். அதில் ஒரு படம் போட்டிருந்தார்கள். ஹிட்லர் காலத்தில் 1936 ஒலிம்பிக் பந்தயத்துக்குக் கட்டிய ஸ்டேடியத்தின் முன்னால் கோஷ்டியார் நிற்கிறார்கள். தரையில் அவர்களுடைய "வாத்தியங்கள்". சுத்தியல், ரம்பம், குழாய், தகடு எல்லாம் வரிசையாகப் பரப்பி இருக்கிறது.

பெரிய ராக் கோஷ்டி ஒன்று தன் வாத்தியங்களை இப்படிப் பரப்பிப் படம் எடுத்ததைக் கிண்டல் செய்வதற்காக எடுத்த படம் அது. ஆனால் எனக்கு வேறு ஞாபகம்தான் வந்தது. கொள்ளைக் கும்பலைப் பிடித்தால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பறிமுதல் சாமான்களைப் பரப்பி வைத்து, பின்னால் ஆட்களை நிறுத்திப் படம் பிடிப்பார்களே, அச்சு அசல் அதே மாதிரி!

சத்தம் வந்த விதம்

சும்மா இரும்பைத் தட்டினால் சங்கீதம் ஆகிவிடுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

வெறும் தட்டல் மட்டும் இல்லை. நடுவில் மின்சாரம் இருக்கிறது. மேடையில் பேசுகிற மைக்கு காற்றில் வரும் சத்தத்தைக் கேட்கும். இவர்கள் பயன்படுத்தியது ஒட்டு மைக்கு. இரும்போடு அதை ஒட்டி வைத்துவிட்டால் இரும்புக்கு உள்ளே ஓடுகிற அதிர்வையே அது பிடித்துவிடும். அதை ஆம்பிளிபயரில் கொடுத்தால், நகத்தால் சுரண்டின சத்தம் இடி மாதிரி வரும். லாரி ஸ்பிரிங்கு மாதிரி ஒரு பெரிய சுருள் கம்பியில் மைக்கை ஒட்டி அடித்தால் பூமிக்கு அடியில் இருந்து வருகிற மாதிரி "டொய்ங்" என்று முழங்கும். அதுதான் அவர்களுக்கு பேஸ் வாத்தியம்.

வாத்தியத்தில் ஒரு தந்தியை மீட்டினால் ஒரு சுருதிதான் ஓங்கி நிற்கும். தகரத்தை அடித்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டாத பத்து சுருதி ஒரே நேரத்தில் கிளம்பும். அதனால்தான் அது இசை மாதிரி இல்லாமல் இரைச்சலாகப் படுகிறது. கோவில் மணியிலும் அந்தக் கலப்பு உண்டு. வார்க்கிறவர் பார்த்துப் பார்த்து அதைக் காதுக்கு இதமாக அடக்கி வைத்திருப்பார். இவர்கள் அடக்கவில்லை, அவிழ்த்துவிட்டார்கள்.

ஒரு தடவை பிளிக்சாவின் உடம்பில் மைக்கைக் கட்டி, விலா எலும்பின் மேல் குத்தி, அந்தச் சத்தத்தையும் பதிவு செய்தார்கள். கொஞ்சம் ஓவர்தான்!

பிளிக்சாவின் தொண்டையும் ஒரு எந்திரம்தான். பாடிக்கொண்டு இருக்கும்போதே திடீரென்று கீச்சென்று ஒரு அலறல் விடுவார். ரெயில் பிரேக்கு பிடிக்கிற சத்தம் தோற்றுவிடும். ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவ் இவரை டெலிவிஷனில் பார்த்து அசந்து போனார். தன் கோஷ்டிக்கு கிட்டார் வாசிக்கக் கூப்பிட்டுக்கொண்டார். 20 வருடம், 2003 வரைக்கும், பிளிக்சா இரண்டு குதிரையில் சவாரி செய்தார்.

நெருப்பு விளையாட்டு

லண்டன் ரகளைக்குப் பிறகு கோஷ்டியின் பெயர் எங்கும் பரவியது. அரங்குக்காரர்களுக்குப் பயம். ரசிகர்களுக்குக் குஷி. "இன்றைக்கு என்னத்தை உடைப்பார்கள்?" என்று பார்ப்பதற்கென்றே கூட்டம் வந்தது.

1986-ல் நியூயார்க் பல்லேடியம் அரங்கம். மேடையில் இரும்புச் சட்டிகளில் எரி திரவத்தை ஊற்றிக் கொளுத்தினார்கள். நிர்வாகம் பாதியில் கச்சேரியை நிறுத்தியது. கலவரம் மூளும் நிலைமை. நல்ல வேளையாக விபரீதம் எதுவும் இல்லை.

இதில் இந்தக் கோஷ்டிக்கு சப்பைக்கட்டு கட்ட என்னால் முடியாது. அடைத்த மண்டபம், ஆயிரக்கணக்கில் ஜனங்கள், வெளியே போக சில கதவு. அங்கே நெருப்பு என்பது கலை அல்ல. தீயணைப்புக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

ஜப்பானில் நடந்தது வேறு விதம். 1985-ல் அங்கே போனபோது சோகோ இஷி என்கிற டைரக்டர் மூடிக் கிடந்த ஒரு இரும்பு ஆலைக்குள் இவர்களை வாசிக்க வைத்துப் படம் எடுத்தார். உடம்பு முழுக்க வெள்ளை பூசிய ஜப்பானிய நாட்டியக்காரர்களும் அதில் உண்டு. துருப் பிடித்த ஆலையில் துருப் பிடித்த இரும்பு. ஜாடிக்கேற்ற மூடி.

படத்தின் பெயர் "அரை மனிதன்". அதே பெயரில் 1985-ல் வந்த இசைத்தட்டில் ஒரு ஆச்சரியம். அந்தத் தலைப்புப் பாட்டில் இரும்பும் இல்லை, டிரில்லரும் இல்லை. வெறும் மனிதக் குரல்கள். கூட்டமாக, சர்ச்சில் பாடுகிற மாதிரி. உடைப்பதை மட்டுமே செய்துகொண்டு இருந்தால் சீக்கிரம் அலுத்துப் போகும் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ரசிகர்களுக்குப் புரிவதற்குப் பல வருடம் ஆனது.

1987-ல் ஹாம்பர்க்கில் பீட்டர் சாடெக் என்கிற பிரபல டைரக்டரின் நாடகத்துக்கு மேடையிலேயே வாசித்தார்கள். ஜீன்ஸ் கம்பெனி விளம்பரத்துக்குக்கூட வாசித்தார்கள். முதலாளித்துவம் ஒழிக என்று கோஷம் போட்ட ரசிகர்களுக்கு அது பொறுக்கவில்லை. பார்கெல்ட் என்றால் ரொக்கம் என்பதை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

சுவர் விழுந்தது

1989 நவம்பர் 9-ந்தேதி இரவு பெர்லின் சுவர் திறந்தது. இடிந்து விழுவதையே பெயராக வைத்திருந்தவர்களின் ஊரில் எல்லாவற்றையும் விடப் பெரிய சுவர் சாய்ந்தது. அதைச் சாய்த்தது டிரில்லர் இல்லை, ஜனங்கள்.

டிசம்பர் 21-ந்தேதி கோஷ்டி கிழக்கு பெர்லினுக்குப் போய் முதல் கச்சேரி நடத்தியது. இடம், "எலெக்ட்ரோகோலே" என்கிற அரசாங்கத் தொழிற்சாலையின் மண்டபம். கிழக்கு ஜெர்மனியின் பெரிய நாடக ஆசிரியர் ஹைனர் முல்லரும் வந்திருந்தார். திருட்டுத்தனமாகக் கேசட்டு கேட்டவர்கள் கோஷ்டியைக் கண்ணால் பார்த்தார்கள். 20 வருடம் கழித்து அந்த இரவைப் பற்றி ஒரு படமே வந்தது.

ஆனால் சுவரோடு சேர்ந்து கோஷ்டியின் பழைய ஊரும் போய்விட்டது. தீவு இல்லை. காலி வீடுகளில் பாங்கியும் ஓட்டலும் வந்தன. 1990-க்குப் பிறகு பெர்லினில் இடித்துக் கட்டுகிற சத்தம் கோஷ்டியின் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

வீட்டுக்குள்ளும் விரிசல். 1994-ல் மார்க் சுங் விலகினார். அடுத்து ஐன்ஹைட்டும் போனார். டிரில்லர் தூக்கிய கையே போய்விட்டது! இனிமேல் கதை முடிந்தது என்று பலர் எழுதினார்கள்.

1997-ல் யோகன் ஆர்பைட், ருடால்ப் மோசர் என்கிற இருவர் வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு சத்தம் குறைந்தது. 2000-ல் வந்த இசைத்தட்டின் பெயரே "மவுனம் கவர்ச்சியானது" என்கிற அர்த்தத்தில்தான். அதில் பிளிக்சா மைக்குக்குப் பக்கத்தில் ஒரு சிகரெட்டைப் பற்ற வைக்கிறார். தீக்குச்சி உரசுவது, புகையை இழுப்பது, அவ்வளவுதான். சிமெண்டு எந்திரத்தோடு தொடங்கியவர்கள் ஒரு சிகரெட்டுக்கு வந்து நின்றார்கள். கேட்டுப் பாருங்கள், டிரில்லரைவிட அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

இரும்பும் குறைந்தது. பிளாஸ்டிக் குழாய்கள் வந்தன. குழாயை வெவ்வேறு நீளத்துக்கு வெட்டி, வாயில் தட்டையான மட்டையால் அடித்தால் "பொம் பொம்" என்று சுருதி பிசகாமல் பேசும். நீளக் குழாய் என்றால் கட்டைக் குரல், குட்டைக் குழாய் என்றால் கீச்சுக் குரல். 2004-ல் வந்த இசைத்தட்டில் காற்றடிக்கிற கம்பிரசரையே வாத்தியம் ஆக்கினார்கள்.

அந்தக் காலகட்டத்தில்தான் ஹார்டுவேர் சாமான் விற்கிற ஒரு பெரிய ஜெர்மன் கம்பெனி பிளிக்சாவைத் தேடி வந்தது. விளம்பரத்துக்காக கம்பெனியின் சாமான் பட்டியலை அவர் உருக்கமாக வாசிக்க வேண்டும். ஆணி, சுத்தியல், டிரில்லர்... வாசித்தார்! காலம் போகிற போக்கு!

ரசிகர்களே முதலாளி

2002-ல் கோஷ்டிக்கு இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தம் இல்லை. ரிக்கார்டிங்குக்குப் பணம் வேண்டும். என்ன செய்வது?

இன்டர்நெட்டு வழியாக ரசிகர்களிடமே கேட்டார்கள். முன்கூட்டியே சந்தா கட்டுங்கள். நாங்கள் ஸ்டூடியோவில் வேலை செய்வதைக் கேமரா வழியாக நீங்கள் வீட்டில் இருந்தே பார்க்கலாம், கருத்துச் சொல்லலாம். முடிந்ததும் யாருக்கும் கிடைக்காத இசைத்தட்டு உங்களுக்கு வரும். பிளிக்சாவின் மனைவி எரின் சூதான் இதை ஏற்று நடத்தினார். பல நாடுகளில் இருந்து சந்தா வந்தது. கோஷ்டி பிழைத்தது. ரசிகர்களிடம் பணம் திரட்டிப் படமும் பாட்டும் எடுப்பது பிறகு சகஜமாகிவிட்டது. இவர்கள் அதற்குச் சில வருடம் முந்திக்கொண்டார்கள்.

2004 நவம்பரில் அந்த ரசிகர்களைக் கூப்பிட்டு ஒரு கச்சேரி. இடம்தான் விசேஷம். கிழக்கு ஜெர்மனி 1976-ல் ஆடம்பரமாகக் கட்டிய குடியரசு மாளிகை. அதன் பார்லிமெண்டும் அங்கேதான் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஆபத்து என்று 1990-ல் மூடி, சுவர், தரை, கூரை எல்லாவற்றையும் உரித்துவிட்டார்கள். மிஞ்சியது இரும்பு எலும்புக்கூடு. அந்தக் கூட்டுக்குள் கோஷ்டி வாசித்தது. சந்தா கட்டிய ரசிகர்களில் சுமார் நூறு பேர் கோரஸ் பாடினார்கள். 2006-ல் தொடங்கி 2008-க்குள் அந்த மாளிகையை அடியோடு இடித்துவிட்டார்கள்.

பாட்டு எழுதுவதற்கும் ஒரு புது வழி கண்டுபிடித்தார்கள். பிளிக்சா நூற்றுக்கணக்கில் சீட்டுகள் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொருவரும் சில சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் என்ன எழுதி இருக்கிறதோ அதற்குத் தக்கபடி வாசிக்க வேண்டும். கிளி ஜோசியம் மாதிரிதான், கிளி ஒன்றுதான் இல்லை.

13 நிமிடத்தில் ஒரு உலகப் போர்

என்னைக் கேட்டால் இந்தக் கோஷ்டி செய்த காரியங்களில் சிறந்தது 2014-ல் செய்ததுதான்.

முதலாவது உலகப் போர் தொடங்கி நூறு வருடம் ஆனது. பெல்ஜியத்தில் டிக்ஸ்மைடு என்கிற ஊர். போரில் தரைமட்டம் ஆன ஊர் அது. நினைவு நாளுக்கு ஒரு படைப்பு வேண்டும் என்று இவர்களைக் கேட்டார்கள். எதிரி நாட்டில் இருந்து, இடிந்து விழுவதையே பெயராகக் கொண்டவர்களை அந்த ஊர் கூப்பிட்டது! நவம்பர் 8-ந்தேதி அங்கே அரங்கேற்றம். "லமென்ட்" என்று பெயர். ஒப்பாரி என்று சொல்லலாம்.

முள்கம்பியை இழுத்துக் கட்டி மீட்டினார்கள். ஊன்றுகோலை வாத்தியம் ஆக்கினார்கள். போருக்கு முந்திய நாட்களில் ஜெர்மன் சக்கரவர்த்தியும் ரஷிய சக்கரவர்த்தியும் ஒருவருக்கு ஒருவர் அடித்துக்கொண்ட தந்திகளை இருவர் பாடினார்கள். அந்த இரண்டு பேரும் உறவுக்காரர்கள். அன்புள்ள என்று ஆரம்பித்துத்தான் எழுதிக்கொண்டார்கள்.

நடுவில் ஒரு தாளப் பகுதி. பிளாஸ்டிக் குழாய்கள். ஒவ்வொரு குழாயும் ஒரு நாடு. ஒரு அடி என்பது போரில் ஒரு நாள். நிமிடத்துக்கு 120 அடி. 1914 ஜூலை 28-ந்தேதி முதல் அடி விழுகிறது. ஒரு நாடு போரில் குதித்ததும் அதன் குழாய் பேச ஆரம்பிக்கும். பெண் குரல்கள் தேதியையும் நாட்டையும் சொல்லிக்கொண்டே வரும். முதலில் ஒன்று, அப்புறம் ரெண்டு, அப்புறம் நாலு. போகப் போகக் கூடிக்கொண்டே போகும். பிறகு ஒவ்வொரு நாடாக விலக விலக, குழாய் ஒவ்வொன்றாக ஓயும்.

1918 நவம்பர் 11-ந்தேதி வரைக்கும் மொத்தம் 1,568 நாள். 1,568 அடி. சுமார் 13 நிமிடம்.

இதில் அலறல் இல்லை, தீப்பொறி இல்லை, உடைப்பு இல்லை. கடைக்காரர் காசை எண்ணிப் போடுகிற மாதிரி நாட்களை எண்ணுகிறார்கள். ஒவ்வொரு "டொக்"குக்கும் எத்தனை பேர் செத்தார்கள் என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பிக்கும். பாதியில் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்திருக்க முடியாது.

மறுபடியும் தோண்டினார்கள்

லண்டன் ரகளை என்ன ஆனது? அதற்கு ஒரு வேடிக்கையான பின்கதை.

2007 பிப்ரவரி 20-ந்தேதி அதே ஐ.சி.ஏ. கலைக்கூடம், 1984-ல் நடந்ததை மறுபடியும் நடத்திக் காட்ட அனுமதி கொடுத்தது! ஜோ மிச்செல் என்கிற கலைஞர் ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்தவர்களைத் தேடிப் பிடித்து, கிடைத்த தடயங்களைச் சேர்த்து, போலீசார் கொலை நடந்த இடத்தில் குற்றவாளியை நடித்துக் காட்டச் சொல்வார்களே, அந்த மாதிரி ஜோடித்தார். எந்திரங்கள் வந்தன. டிரில்லர் வந்தது. ரகளை செய்த ரசிகர்களாக நடிப்பதற்குக்கூட ஆட்கள். அன்று பதறி அடித்து நிறுத்தியதை, 23 வருடம் கழித்து அவர்களே நடத்தி வைத்தார்கள்.

2017 ஜனவரியில் ஹாம்பர்க்கின் புத்தம் புது எல்ப்பில்ஹார்மனி மண்டபத் திறப்பு விழாக் கச்சேரிகளில் இந்தக் கோஷ்டிக்கும் இடம் கிடைத்தது. ஜெர்மனியிலேயே விலை உயர்ந்த சங்கீத மண்டபம் அது. அந்தப் புதுக் கட்டிடம் பத்திரமாக நிற்கிறது.

2020-ல் கோஷ்டிக்கு 40 வயது. அந்த ஆண்டு வந்த இசைத்தட்டில் பெர்லினின் தெருக்களும் வாய்க்காலும் பேட்டைகளும் பாட்டு ஆயின. பிளிக்சா சிறு வயதில் வளர்ந்த கிராசர் டாம் பகுதியைப் பற்றியும் ஒரு பாட்டு. கொரோனாவால் சுற்றுப்பயணம் நின்றது. 2022-ல்தான் கிளம்ப முடிந்தது. அந்தப் பயணத்தில் மேடையில் நின்ற நிலையில், ஒத்திகை எதுவும் இல்லாமல் வாசித்துப் பார்த்தவற்றை வைத்து 2024 ஏப்ரலில் இன்னொரு இசைத்தட்டு வந்தது. மஞ்சள் அட்டை. மேலே கோஷ்டியின் பெயர் மட்டும்.

1980 ஜூன் மாதம் நெடுஞ்சாலைப் பாலத்தின் பொந்துக்குள் ஊர்ந்து போனவர்கள் இரண்டு பேர், பிளிக்சாவும் உன்ருவும். மஞ்சள் அட்டை இசைத்தட்டிலும் அந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள்.